கணக்குக்கு வெளியே கிடக்கும் நிலம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிறது திருவாமாத்தூர். ஊர்ப்பெயருக்குள்ளேயே பசு நிற்கிறது. 'ஆ' என்றால் பசு. ஆதியில் பசுக்களுக்குக் கொம்பு கிடையாது, மற்ற விலங்குகள் அவற்றைப் படாதபாடு படுத்தின, பம்பையாற்றங்கரை வன்னிக் காட்டுக்கு வந்து ஈசனை வேண்டிக் கொம்பு வாங்கிக்கொண்டன என்கிறது தலபுராணம். அபிராமேசுவரர் திருமேனியில் குளம்பு பட்ட தடம் இருப்பதாகச் சொல்வார்கள். தலமரம் இன்றும் வன்னிதான். மரம் இருக்கிறது, காடு இல்லை.

போன மாசியில் அந்தப் பக்கம் போயிருந்தேன். பம்பை காய்ந்து கிடந்தது. மணல் திட்டில் சீமைக் கருவேலம் பூத்திருந்தது. நான்கு பசு, ஒரு கன்று, கையில் தூக்குவாளி, தலையில் துண்டு என்று ஒரு பெரியவர் வந்தார். "மாடெல்லாம் எங்கங்க ஐயா மேயுது?" என்று கேட்டேன்.

"மேய்க்கால் புறம்போக்குன்னு கணக்குல இருக்குது தம்பி. மாட்டுக் காலுக்குக் கீழதான் இல்ல."

நான் எழுத நினைத்திருந்ததை அவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் நீளம் தேவைப்படுகிறது.

காடு, ஏரி, கழுவெளி, மேய்ச்சல் தரை, கோயில்காடு என்று தனியொருவருக்குச் சொந்தமில்லாத நிலங்கள் இனி என்ன ஆகும்? அவற்றோடு நமக்கு இனி என்ன கொடுக்கல் வாங்கல்? பாதுகாக்கப்பட்ட நிலம் என்றதும் முதுமலையும் ஆனைமலையும் கண்ணில் வரும். புலியும் யானையும் இல்லாத சமவெளி மாவட்டத்தில் நின்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு வேறு முகம் உண்டு. 2019-இல் கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு போய்விட்ட பிறகு, விழுப்புரம் மாவட்டத்துக்கு மலைக்காடு என்று மிஞ்சியது செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளும் பாக்கமலையும்தான். ஆனால் ஒரு நாள் பைக்கில் சுற்றினால் ஐயனார் காவலில் ஒரு காடு, வனத்துறையின் காப்புக்காடு, பறவைகள் சரணாலயம், மத்திய அரசின் கல்மரப் பூங்கா, வெறுந்தரையில் மனிதர்கள் நட்டு வளர்த்த காடு என்று அத்தனை வகையையும் பார்த்துவிடலாம். ஒன்றையொன்று ஒப்பிட இதைவிடத் தோதான மாவட்டம் கிடைக்காது.

முதலில் அந்தச் சொல். புறம்போக்கு என்பதை நாம் வசையாக்கி வைத்திருக்கிறோம். வரிக்கணக்குக்குப் புறம்பே போன நிலம் என்பதுதான் அதன் பொருள். தீர்வை கிடையாது, ஆகவே பட்டாவும் கிடையாது. கிராமத்து 'ஏ' பதிவேட்டைப் புரட்டினால் ஏரி, வாய்க்கால், மேய்க்கால், மந்தைவெளி, களம், தோப்பு, சுடுகாடு, வண்டிப்பாதை என்று ஊரே சேர்ந்து புழங்கும் இடங்களெல்லாம் இந்தத் தலைப்பின் கீழ்தான் நிற்கும். வரி வசூலிக்க வந்த துரைத்தனம், காசு தரும் நிலத்தைக் கணக்குக்கு உள்ளே வைத்தது, தராததை வெளியே தள்ளியது. ஊரின் தண்ணீர், தீவனம், விறகு, பச்சிலை, பிணம் எரிக்கும் இடம் எல்லாம் அப்படித் தள்ளியதற்குள்தான் இருந்தன. 2017-இல் டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூர்க் கழிமுகத்தை முன்னிறுத்தி அந்தச் சொல்லை மீட்கப் பார்த்தது. பாட்டு பரவியது. சொல் இன்னும் வசையாகத்தான் இருக்கிறது.

கணக்குக்கு வெளியே இருப்பதில் ஒரு வசதி உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. எல்லாரும் புழங்கலாம் என்பது வசதி. காணாமல் போனால் யாருடைய கணக்கிலும் நட்டம் எழுதப்படாது என்பது ஆபத்து. புறம்போக்கை வளைத்தவருக்கு 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி 'பி மெமோ' வரும். அபராதம் கட்ட வேண்டும். நம் ஆட்கள் அந்த ரசீதைப் பீரோவில் பத்திரமாக வைப்பார்கள். இத்தனை வருடம் அனுபவத்தில் இருக்கிறேன் என்று நாளைக்குப் பட்டா கேட்க அதுதான் ஆதாரம். தண்டனைச் சீட்டே உரிமைப் பத்திரமாகும் விந்தையை வேறு எந்தத் துறையில் பார்க்க முடியும்?

வளைப்பவர் என்றதும் ஏரிக்கரையில் குடிசை போட்டவரைத்தான் நினைக்கிறோம். பெரிய கை அரசினுடையது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகநேரிக் கண்மாயில்; சென்னையில் வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். ஏரிகளைக் காக்கத் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச்சட்டம் வந்தது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், வளைக்கப்பட்ட கிராமப் பொது நிலங்களை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. காவலுக்குத்தான் ஆள் இல்லை.

அந்தக் காவலைத் தமிழ்நாட்டில் இதுவரை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள்: சாமி, ஊர், சர்க்கார்.

சாமி காத்ததைப் பார்க்கக் கீழ்ப்புத்துப்பட்டுக்குப் போக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு. உயர்ந்தோங்கிய காடு அல்ல. தலைக்குமேல் இருபது முப்பது அடிக்குள் பின்னிக்கொண்டு நிற்கும் இருட்டு. காசான், வீரை, பாலை என்று இலை தடித்த, கோடையிலும் பச்சை மாறாத மரங்கள். சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் நீளத்துக்கும் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் துண்டு இது. அந்தக் காடு இன்று பெரும்பாலும் இப்படிக் கோயில்களைச் சுற்றித்தான் மிஞ்சியிருக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துத் தாவரவியலாளர்கள் இந்தக் கரையோரக் கோயில்காடுகளைத் தேடித்தேடிப் பதிவு செய்தது அதனால்தான். பழைய காடு எப்படி இருந்தது என்று காட்ட வேறு சாட்சி கிடையாது.

காட்டில் கை வைத்தால் ஐயனார் சும்மா விடமாட்டார் என்ற பயம் பல தலைமுறை வேலை செய்தது. இப்போது பயத்தின் இடத்தில் கூட்டம் வந்திருக்கிறது. ஆடியில் வேன் நிறுத்த இடம் வேண்டும், பொங்கல் வைக்க அடுப்பு வேண்டும், உட்காரக் கொட்டகை வேண்டும், தட்டும் தம்ளரும் பாக்கு மட்டையிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டன. சாமிக்குப் பயந்தவர்கள் மரத்தை விட்டுவைத்தார்கள். சாமியைக் கொண்டாடுபவர்கள் மண்டபம் கட்டுகிறார்கள். கோயில் பெரிதாகப் பெரிதாகக் காடு சிறுக்கும் இந்தக் கதையைத் தமிழ்நாட்டின் பாதி ஐயனார்களும் சொல்வார்கள். 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான வீரகோயில் காட்டைப் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. சாமியின் காவலுக்குச் சட்டம் துணைக்கு வந்த அரிய இடம். சாமிக்கே துணை தேவைப்படுகிறது என்றும் அதைப் படிக்கலாம்.

ஊர் காத்ததற்கு வேடந்தாங்கல். திண்டிவனத்திலிருந்து சென்னைச் சாலையில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டுத் தடை வாங்கினார்கள். 1858-இல் அதை மறுபடி எழுத்தில் வாங்கினார்கள். வனவிலங்குச் சட்டம் வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. பறவைப் பாசம் என்று மட்டும் இதைச் சொன்னால் ஊராரின் புத்தியைக் குறைத்துவிடுவோம். நாரையும் கொக்கும் கடப்ப மரத்தில் உட்கார்ந்து எச்சமிட்டால் ஏரித் தண்ணீரே உரமாகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. பறவை போனால் விளைச்சல் போகும் என்று ஊருக்குத் தெரியும். பறவையும் நெல்லும் ஒரே கணக்கில் இருந்ததால்தான் அந்த ஏரி இருநூறு ஆண்டு தாங்கியது. 2020-இல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் சுற்றெல்லையை மூன்றாகக் குறைக்கும் யோசனையைக் கொண்டுவந்தது, காக்க வேண்டிய அரசுத் துறையே. எதிர்ப்பு பலமாக எழுந்தது.

சர்க்காரின் காவல் 1882-ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டத்தில் தொடங்குகிறது. காப்புக்காடு என்று எல்லைக்கல் நட்ட நாளிலிருந்து ஊராரின் ஆடு அத்துமீறி நுழைந்த ஆடாகியது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன்மேல் சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அடுக்குகளை வைத்தது. இந்தச் சட்டங்கள் இல்லாமல் இருந்தால் இன்று காடே இருந்திருக்காது என்பதை மறுக்க முடியாது. ஊரைக் காட்டின் எதிரியாக வைத்துத்தான் அவை எழுதப்பட்டன என்பதையும் மறுக்க முடியாது.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் இப்போது கழுவெளியில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கழுவெளி என்பது ஒரு ஏரியின் பெயர் மட்டுமல்ல. கடலோரச் சதுப்புக்குத் தமிழில் இருந்த பொதுப்பெயர். சென்னைப் பள்ளிக்கரணையையும் கழுவெளி என்றே அழைத்தார்கள். அந்தக் கழுவெளி என்னவாயிற்று என்று எல்லாருக்கும் தெரியும்: ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபக்கம் கணினி நிறுவனங்கள், நடுவில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத சதுப்பு. மரக்காணம் கழுவெளி பிழைத்ததற்கு நம் அறிவு காரணமல்ல; சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்ததுதான்.

அதைத் தண்ணீர்த் தேக்கம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். மேற்கே ஊர் ஊராக உள்ள ஏரிகள் ஒன்று நிரம்பி மற்றொன்றில் வழிந்து, ஐப்பசி கார்த்திகையில் கடைசியாக இங்கே வந்து பரவுகின்றன. வடகிழக்கு மூலையில் ஒரு ஓடை எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலோடு சேர்க்கிறது. மழைக்காலத்தில் நன்னீர் கடலைத் தள்ளும்; கோடையில் உப்புநீர் உள்ளே ஏறும். அதனால் ஒரு கோடியில் கோரையும் அல்லியும், மறுகோடியில் உப்புப் படிந்த சேறு. இடையில் ஒவ்வொரு முழத்துக்கும் உப்பும் ஆழமும் மாறும். பறவைக்கு முக்கியம் ஆழம்தான். பூநாரை நிற்கும் இடத்தில் உள்ளான் நிற்காது. கூழைக்கடா நீந்தும் இடத்தில் இரண்டுக்கும் வேலையில்லை. வடக்கே மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகள் மாசி பங்குனி வரை இங்கே தங்கித் தின்று கொழுத்துத் திரும்புகின்றன.

2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2022 வரை தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தது கோடியக்கரை மட்டும். மூன்றே ஆண்டில் எண்ணிக்கை இருபதாகியது. பெருமைப்பட வேண்டிய வேகம். பெயர்ப்பலகை வைக்கும் வேகத்துக்கு மற்ற வேலையும் நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

விடியற்காலையில் போயிருந்தேன். கரைமேட்டில் மூன்று பேர் முக்காலி நிறுத்தித் தொலைநோக்கியில் பூநாரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பூநாரைக்கும் நடுவே, முழங்கால் சேற்றில் குனிந்து நான்கு பெண்கள். வலை கிடையாது. இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவுகிறார்கள். இறால் தட்டுப்பட்டதும் நிமிராமலே கழுத்தில் தொங்கும் பறிக்குள் போடுகிறார்கள். பூநாரை அவர்களைக் கண்டு பறக்கவில்லை. முக்காலிக்காரர் ஒருவர் கார் கதவைச் சாத்தினார். நூறு பறவை எழும்பியது. இதை வைத்துப் பெரிய தத்துவம் பேச வேண்டியதில்லை. யார் தினமும் வருகிறார்கள் என்று பறவைக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இறால் பிடித்தவர்கள் இருளர்கள். சரணாலய எல்லைக்குள் அவர்கள் செய்வது இனி உரிமையா, சலுகையா, குற்றமா? சட்டத்தில் விடை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. சரணாலயம் அறிவித்ததும் மாவட்ட ஆட்சியர் அந்த நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க வேண்டும். 24-ஆம் பிரிவின்படி ஒன்று உரிமையைக் கழித்துவிட்டு எல்லை போடலாம், அல்லது இழப்பீடு தந்து எடுக்கலாம், அல்லது தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து அந்த உரிமை தொடரட்டும் என்று எழுதிவிடலாம். மூன்றாவது வழி சரணாலயத்துக்கு உண்டு. தேசியப் பூங்காவுக்குக் கிடையாது. ஆனால் உரிமை கோரப் பத்திரம் வேண்டும். சேற்றைத் துழாவும் கைக்குப் பத்திரம் ஏது? எல்லையோரத்தில் வளைத்து உழுதவரிடம் பி மெமோவாவது இருக்கும். இறால் பண்ணைக்காரரிடம் ஏதோ ஒரு காகிதம் இருக்கும். கழுவெளிக்குக் கெடுதல் செய்தவர் கையில் சான்றும், செய்யாதவர் கையில் பறியும் இருக்கும் விசாரணையில் தீர்ப்பு எப்படி வரும் என்று ஊகிக்கச் சட்டப்படிப்பு வேண்டாம்.

ஊர்க்காரர்களை ஒரேயடியாக முனிவர்களாக்கவும் கூடாது. கழுவெளியில் பறவை வேட்டை உண்டு. விளிம்பை வருடத்துக்கு நாலு சால் உள்ளே தள்ளி உழுதவர்களில் பக்கத்து ஊர்ச் சம்சாரிகளும் உண்டு. வனக்காவலர் இல்லாமல் முடியாது. ஐந்தாயிரம் ஹெக்டேரை விரல்விட்டு எண்ணும் காவலர்களை மட்டும் வைத்துக் காக்கவும் முடியாது. தினமும் சேற்றில் இறங்கும் அந்தப் பெண்களின் கண் காவலுக்குக் கிடைத்தால் சம்பளம் இல்லாத நூறு காவலர்கள் கிடைத்த மாதிரி. அவர்களைத் துரத்தினால், இருட்டில் வருகிறவனைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்தத் தாழ்நிலங்களின் பயன் பறவைக்கு மட்டும் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றது. மறுநாள் காலை வரை மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டி முண்டியம்பாக்கம் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டு ரயில்கள் நின்றன. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை கரைமீறியது. அவ்வளவு தண்ணீருக்கும் போய் நிற்க ஒரு வெளி வேண்டும். ஏரி, ஓடை, பள்ளம், கழுவெளி என்று வரிக்கணக்கு ஒதுக்கி வைத்ததெல்லாம் தண்ணீரின் கணக்கில் முதல் பக்கத்தில் இருக்கிறது. இரட்டைப் புலவர்கள் திருவாமாத்தூருக்குக் கலம்பகம் பாடியபோது கோயில் எந்தக் கரையில் இருக்கிறது என்று மாற்றிப் பாடிவிட்டதாகவும், பாட்டு பொய்யாகக் கூடாதென்று பம்பை இரவோடிரவாகத் திசைமாறி ஓடியதாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. ஆறு இடம் மாறும் என்று தெரிந்தவர்கள்தான் அந்தக் கதையைக் கட்டியிருக்க முடியும். நாம் ஆற்றுக்கு இடமே வைக்கவில்லை.

திருவக்கரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சங்கராபரணிக் கரையில் சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-இல் பிரெஞ்சுக்காரர் சொன்னரா எழுதிவைத்தார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பாதுகாப்புக்கு எடுத்தது. கிட்டத்தட்ட 250 ஏக்கர். வேலிக்குள் கல்மரம் கிடக்கிறது. வேலிக்கு வெளியே குவாரிகள் அதே செம்மண்ணையும் கல்லையும் லாரியில் ஏற்றுகின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து, கல்லைத் தொட்டுப் பார்த்து, புளியோதரை தின்றுவிட்டுப் போகிறார்கள். ஊருக்கும் அந்த வேலிக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. பாதுகாப்புக்கு எடுப்பது என்றால் ஊரிடமிருந்து எடுத்துவிடுவது என்று ஆகிவிட்டதன் அமைதியான உதாரணம் இது. கல் ஓடிப்போகாது, ஆகவே அங்கே பாதகம் குறைவு. உயிருள்ள நிலத்துக்கு இந்த முறை ஆகாது.

மாட்டுக்கு வருவோம். 2022 மார்ச் முதல் வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் எல்லா வனங்களிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. தேனி மலைமாடு வளர்ப்பவர்கள் திகைத்துப்போனார்கள். இரண்டு வாரத்தில் தீர்ப்பு திருத்தப்பட்டு, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று தடை சுருங்கியது. 2006-இன் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே ஏற்கிறது. ஆனால் வழக்குகளால் அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 வரை நடைமுறைக்கு வராமல் முடங்கிக் கிடந்தது. சமவெளிக்கு அது வந்தும் பயன் குறைவு. அது வனநிலத்தைப் பற்றிப் பேசுகிறது, மேய்க்கால் புறம்போக்கு வனநிலம் அல்ல. திருவாமாத்தூர்ப் பெரியவரின் பசுவுக்கு எந்தச் சட்டத்திலும் புல் இல்லை.

இருளர்களுக்கும் அதே கதி. காட்டை அறிந்த குடி, காடில்லாத மாவட்டத்தில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறது; குடியிருப்பது பெரும்பாலும் ஏரிப் புறம்போக்கு. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்று என்று உத்தரவு வரும்போது முதல் பொக்லைன் அவர்கள் குடிசைக்குத்தான் போகிறது, மண்டபத்துக்குப் போக நாளாகிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாக மனைப்பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் அலைந்துகொண்டிருப்பது இந்தப் பின்னணியில்தான். வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போனபோது, 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம் போகிறது. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தடையோடு நிறுத்தாமல் அறிவுக்கு வேலை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மாமல்லபுரம் பக்கத்திலேயே கண்கூடான சாட்சி இருக்கிறது. கழுவெளியில் அதைச் செய்ய என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

நட்டு வளர்த்த காட்டின் கதை ஆரோவில். 1968-இல் தொடங்கியபோது வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேடு மழைக்கு அரித்துப் பள்ளத்தாக்காகிக் கிடந்தது. வந்தவர்களும் சுற்றூர்க் கூலியாட்களும் வரப்பு போட்டு மழையை நிறுத்தி, மரம் வைத்து, பின்னால் காசானையும் வீரையையும் ஐயனார் காடுகளிலிருந்து விதையெடுத்து வளர்த்தார்கள். பிறகு நகரத் திட்டத்தின் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் சாய்க்கப்பட, பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் நிறுத்தியது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கின் அடியில் கிடந்த கேள்வி எல்லாருக்குமானது: மனிதர் வைத்தது காடாகுமா? பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்றால் சவுக்குத் தோப்பும் தைலமரமும் காடாகிவிடும். பழையது மட்டுமே காடு என்றால் இனி எந்தக் காடும் பிறக்க முடியாது. தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்தும் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. விழுக்காட்டைக் கூட்ட எளிய வழி, வெறுமையாகத் தெரியும் மேய்க்காலில் குழி தோண்டுவது. புல்லும் ஒரு காடுதான் என்று மாட்டைத் தவிர யாரும் சொல்வதில்லை.

உலகமே இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. 1872-இல் அமெரிக்கா யெல்லோஸ்டோனை முதல் தேசியப் பூங்காவாக்கியபோது அங்கே நடமாடிய பழங்குடிகளை வெளியே தள்ளி, மனிதன் காணாத இயற்கை என்று பெயர் வைத்தது. அந்த அச்சில்தான் மற்ற நாடுகள் வார்த்தெடுத்தன. 1968-இல் கேரட் ஹார்டின் பொதுப் புல்வெளி கட்டாயம் அழியும் என்று எழுதினார். ஒவ்வொருவரும் ஒரு மாடு கூட விடுவாராம். அவர் மந்தைக்கு ஊர் இல்லை, நாட்டாமை இல்லை, பங்காளி இல்லை. எலினோர் ஆஸ்ட்ரோம் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, கட்டுப்பாட்டைத் தாங்களே வகுத்துக்கொண்ட இடங்களில் பொதுச்சொத்து நூற்றாண்டுகள் நின்றிருப்பதைக் காட்டினார். 2009-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. வேடந்தாங்கல்காரர்கள் நோபல் கேட்கவில்லை. நாட்டில் மூன்றில் ஒரு பங்கு நிலம் பாதுகாப்பில் இருக்கும் நியூசிலாந்தில், 2014-இல் தெ உரெவெரா தேசியப் பூங்கா என்ற நிலையிலிருந்து விடுபட்டுச் சட்டத்தின் பார்வையில் தனி ஆளாகியது. தூஹோ மக்கள் அதன் சார்பில் பேசும் குழுவில் அமர்ந்தார்கள். 2022-இல் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள் 2030-க்குள் பூமியின் 30 விழுக்காட்டைக் காப்பதாக ஒப்புக்கொண்டன. அந்த முப்பது, யாரை வெளியேற்றி வரும் முப்பது என்பதில்தான் இப்போது சண்டை.

ஒரு ஆட்சேபம் நியாயமானது. ஊரென்று நீ சொல்வது எந்த ஊர்? கோயில்காட்டின் தீர்மானத்தில் சேரிக்குக் குரல் இருந்ததா? மேய்க்காலில் யார் மாடு மேய்ந்தது, யார் மாடு அடித்து விரட்டப்பட்டது? பொது என்ற சொல்லுக்குள்ளேயே ஊரும் சேரியும் பிரிந்து கிடந்த நாட்டில் 'ஊரே காக்கட்டும்' என்பது மேல்சாதிக்குச் சாவியைக் கொடுப்பதாகவும் முடியும். இதற்கு என்னிடம் முழு விடை கிடையாது. ஆனால் சாவி வனச்சரகர் கையில் இருந்தாலும் சேரிக்குக் கதவு திறக்கவில்லை. உரிமையை ஊரின் பெயரில் எழுதாமல் தொழிலின் பெயரில் எழுதலாம்: இறால் துழாவுகிறவருக்கு, கோரை அறுக்கிறவருக்கு, ஆடு மேய்க்கிறவருக்கு, வண்டல் அள்ளுகிறவருக்கு என்று. கிராம சபையில் கைதூக்கும் பெரும்பான்மையைவிட, அந்த நிலம் போனால் அன்றைக்கு இரவு உலை வைக்க முடியாதவரின் பெயர் பதிவேட்டில் இருப்பது முக்கியம்.

மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியில் நடந்ததையும் இப்படித்தான் படிக்கிறேன். 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலம், 193 ஹெக்டேர். இரண்டே ஆண்டில் அதையும் உள்ளடக்கி 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. மரபுத் தலம் என்ற அறிவிப்பு ஏலத்தைத் தடுக்கவில்லை. மேலூர்ப் பக்கத்து ஊர்கள் 2025 ஜனவரியில் மதுரைக்கு நடந்தன; 23-ஆம் தேதி ஏலம் ரத்தானது. நடந்தவர்களுக்கு அது ராசாளிக் கழுகின் மலை மட்டுமில்லை. ஊற்று அங்கே, கண்மாய் அங்கே, சாமி அங்கே, வயல் அங்கே. இழக்க இவ்வளவு இருந்ததால் நடந்தார்கள்.

கழுவெளிக்கு நாளை ஒரு ஆபத்து வந்தால் எத்தனை பேர் நடப்பார்கள்? பூநாரை எண்ண வந்த மூவர் வருவார்கள், நானும் எழுதுவேன். மரக்காணத்தில் பன்னாட்டுப் பறவைகள் மையம் கட்டப்போவதாக அறிவிப்பு இருக்கிறது. வரட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும். கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் இறால் துழாவிய அந்த நான்கு பெண்களின் பெயரைச் சரணாலய உரிமை விசாரணைப் பதிவேட்டில் ஏற்ற ஒரு தாசில்தாரும் ஒரு மேசையும் சதுப்புக்கரையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். செலவு அதிகமில்லை.

திருவாமாத்தூரில் இன்னொரு கல் உண்டு, வட்டப்பாறை. அதன்மேல் கைவைத்துப் பொய் சொன்னவர் பிழைக்கமாட்டார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. பாகத் தகராறுகள் அங்கே தீர்ந்திருக்கின்றன. 'ஏ' பதிவேட்டை அங்கே கொண்டுபோய் வைத்து, மேய்க்கால் இன்ன சர்வே எண்ணில் இத்தனை ஏக்கர் உள்ளபடி இருக்கிறது என்று சத்தியம் செய்யச் சொன்னால் யார் முன்வருவார் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

வழியில் ஒரு ஏரிக்கரை. 'நீர்நிலையை ஆக்கிரமிப்பது சட்டப்படி குற்றம்' என்று பெரிய இரும்புப் பலகை, எழுத்து பாதி உதிர்ந்து. காலையில் பார்த்த பெரியவர் நிழல் தேடி அங்கே வந்து சேர்ந்திருந்தார். கன்று துள்ளி ரோட்டுக்கு ஓடாமல் இருக்க அதைப் பலகையின் காலில் கட்டியிருந்தார். "நல்லா ஊனியிருக்கானுங்க தம்பி, அசையல," என்றார்.